திட்டினால் அப்பீல் உண்டு

கெடுத்துப் பேசி நான் யாருடைய கல்யாணத்தையும் நிறுத்தியதில்லை. நல்லவிதமாகப் பேசித்தான் ஒன்றை நிறுத்தினேன்.

கெடுத்துப் பேசுகிறவனுக்கு ஒரு வன்மமாவது இருக்கும். காரியம் முடிந்த பிறகு ஒரு திருப்தியும் இருக்கும். எனக்கு இரண்டுமே கிடையாது. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பி.ஏ. பட்டமும் கொஞ்சம் இங்கிலீஷும்தான்.

எழுபதுகளில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் குமாஸ்தா. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர்ப் பேச்சு பேசுகிற பக்கம். அப்பாவுக்குக் கடலைக்காடும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். லீவில் ஊருக்குப் போனால், தபால்களின் இங்கிலீஷ் விலாசத்தைப் போஸ்ட்மேனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். (அவருக்கே படிக்கத் தெரியும். பையன் ஆசைப்படுகிறானே என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், பாவம்.)

எஸ்டேட் மானேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது; அந்தப் பட்டம் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எங்கள் துரை அதிர்ந்து பேசாத மனிதர். நான் எழுதிக் கொடுத்த முதல் ரிப்போர்ட்டில், யாரோ ஒரு ஆள் எஸ்டேட் விறகை எடுத்துப் போனதைப் பற்றி, டிக்‌ஷனரியில் இருந்த கனமான வசவுகளையெல்லாம் இறக்கி வைத்திருந்தேன். துரை சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். அந்த ஆள் விறகை 'ஸ்டீல்' பண்ணவில்லையாம், 'ரிமூவ்' பண்ணினானாம். அவன் 'லேசி' இல்லையாம், 'ஸ்லோ'வாம்.

"ஒரே விஷயத்துக்கு இரண்டு வார்த்தை இருக்கும், தம்பி. ஒன்று அடிக்கும், இன்னொன்று சும்மா சொல்லும். நமக்குச் சொல்கிற வார்த்தை போதும்" என்று அழகான இங்கிலீஷில் சொன்னார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். மெஸ்ஸில் ஊற்றிய தண்ணீர்ச் சாம்பாரை 'லைட்' என்றேன். மழை ஒழுகுகிற எங்கள் குவார்ட்டர்ஸை 'வெல் வென்டிலேட்டட்' என்றேன். ராத்திரியெல்லாம் ஓட்டுக்கு மேலே ஓடின எலிகளை 'ஆக்டிவ்' என்றேன். உலகத்தில் கெட்டது என்று ஒன்றுமே இல்லை, நம் வார்த்தைதான் கெட்டது என்கிற ஞானம் எனக்கு இருபத்துமூன்று வயதிலேயே வந்துவிட்டது. (அதற்குப் பிறகு ஞானம் எதுவும் வரவில்லை.)

அந்தக் குவார்ட்டர்ஸில் என்னோடு குடியிருந்தவன் ராமநாதன், எங்களுக்கு ராமு. ஃபாக்டரியில் அசிஸ்டன்ட் டீ மேக்கர். பாலக்காட்டில் கல்பாத்திக்காரன், அங்கே கோயில் தெருவில் அவர்கள் குடும்பம் எத்தனை தலைமுறை என்று அவர்களுக்கே கணக்குக் கிடையாது. தங்கமான பையன். ஆனால் அவனிடம் நாலு குறைகள் இருந்தன. இந்தக் கட்டுரைக்கு அவை அவசியம் என்பதால் சொல்கிறேன். அவனும் படிப்பான், பரவாயில்லை.

முதலாவது, மகா கஞ்சன். மலை மலையாகத் தேயிலை குவிகிற ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரே தேயிலையை மூன்று தடவை கொதிக்கவைத்துக் குடிக்கிற ஆள். இரண்டாவது, வறட்டுப் பிடிவாதம். கடைசி பஸ் இன்னும் வரவில்லை என்று குமுளியில் ஒரு தடவை என்னோடு சண்டை போட்டான். அது போய்விட்டது என்று கடைக்காரரே சொன்ன பிறகும் ஒப்புக்கொள்ளாமல் மழையில் நடந்தே வந்தான். மூன்றாவது, கூச்சம். துரையின் மனைவி 'குட் மார்னிங்' சொன்னால் தேயிலை காயவைக்கிற மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். நாலாவது, அட்டை. எங்கள் மலையில் மழைக்காலத்தில் புல்லுக்குப் புல் அட்டை இருக்கும். மற்றவர்கள் ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். இவன் பாக்கெட்டில் உப்பு, சாக்ஸுக்குள் புகையிலைத் தூள், கையில் ஒரு சுண்ணாம்பு டப்பா என்று யுத்தத்துக்குப் போகிற மாதிரி கிளம்புவான். விறகுக்கட்டு உள்ளே வந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவான்.

இவனுக்கு ஊரில் ஒரு பெண்ணின் மேல் மனசு. பெயர் லலிதா. இரண்டு தெரு தள்ளி வீடு. டைப்ரைட்டிங் கிளாசுக்கு அவள் போகும்போதும் வரும்போதும் பார்த்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. (பேசியிருந்தால் அது ராமு இல்லை.) எதிலும் சிக்கனமாக இருக்கிறவன் அவள் பெயரை மட்டும் ஒரு தடவை சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு தடவை சொல்வான். நல்லகாலம், அவன் அம்மாவே அந்த வீட்டில் பேச்செடுத்தார். ஜாதகமும் பொருந்திவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: பையன் வேலை பார்க்கிற இடத்துக்குப் பெண்ணின் அப்பா வந்து நாலு பேரிடம் விசாரித்துப் போவது. தேர்த் திருவிழாவுக்கு ராமு லீவில் வரும்போது தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

"யாரானும் வந்து கேட்டா பாத்துச் சொல்லுடா, வேலு" என்றான் ராமு. "எனக்கு அவளை விட்டா வேற யாரும் வேண்டாம்."

"நான் பாத்துக்கறேன், உடு" என்றேன். அப்படிச் சொன்னபோது என் நெஞ்சு எவ்வளவு அகலமாக இருந்தது என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி மழையில், குடையும் மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாக ஒரு பெரியவர் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கோட்டயம் வழியாகப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். லலிதாவின் அப்பா, விசுவநாதன் என்று பெயர் சொன்னார். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். ராமு ஃபாக்டரியில் ஷிஃப்டில் இருந்தான். உட்காரச் சொல்லி, ராமு ஃபிளாஸ்கில் வைத்துவிட்டுப் போயிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன். அது மூன்றாவது கொதி. ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளருக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பையன் நல்லவன்னுதான் எல்லாரும் சொல்றா" என்றார். "அது எனக்கு வேண்டாம் கேட்டேளா. கூட இருக்கறவர் நீங்களாக்கும். குறையில்லாத மனுஷன் உண்டோ? குறையைச் சொல்லுங்கோ. ஒண்ணுமே இல்லேன்னா நான் நம்ப மாட்டேன்."

நியாயமான பேச்சு. தமிழில் சொல்வதென்றால் கஞ்சன் என்று சொல்ல வேண்டும், பிடிவாதக்காரன் என்று சொல்ல வேண்டும். சிநேகிதனை அப்படிச் சொல்ல நாக்கு வருமா? என் கையில்தான் துரை கொடுத்த வைத்தியம் இருக்கிறதே! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷுக்கு மாறினேன்.

"ஹி இஸ் எகனாமிகல், சார்" என்றேன்.

பெரியவர் கையில் இருந்த டம்ளரை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு விரலை மடக்கினார்.

"ஹி இஸ் ஃபர்ம்" என்றேன். இன்னொரு விரல்.

"ஃபர்ம்னா, எல்லார் கிட்டயுமா? வீட்டுக்குள்ளயுமா?"

"எல்லா இடத்திலயும்தானுங்க சார். ஒரு முடிவு எடுத்தா மாறவே மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு 'ரிசர்வ்ட்' என்றேன், தன்னைப் பற்றி வெளியே எதுவும் சொல்ல மாட்டான் என்று விளக்கமும் கொடுத்தேன். கடைசியில் 'காஷியஸ்'. முன்னெச்சரிக்கை இல்லாமல் ராமு வெளியே கால் வைப்பதில்லை, சாயங்காலத்துக்குப் பிறகு வெளியே வருவதே இல்லை என்று சேர்த்துக்கொண்டேன். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆட்ட ஆட்ட எனக்கு உற்சாகம் ஏறியது. எங்கே முழுப் புகழ்ச்சியாகப் போய்விடுமோ என்று பயந்து, நடுநிலைமையாக இருக்கட்டும் என்று, "ஆன் த ஹோல், ஃபேர்லி ஹானஸ்ட்" என்று முடித்தேன்.

அவர் மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பெரிய உபகாரம் பண்ணினேள்" என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் கலங்கினேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ராமு ஷிஃப்ட் முடிந்து வந்ததும், "ஜோலி முடிஞ்சுதுடா மாப்பிள்ளை!" என்று முதுகில் தட்டினேன்.

அது உண்மைதான், ஜோலி முடிந்துதான் போயிருந்தது.

தேருக்கு லீவு எடுத்துக்கொண்டு போன ராமு தேர் நிலைக்கு வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். பெட்டியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். மழையில் நனைந்திருந்தான். கால்சட்டையில் அட்டை ஏறியிருந்தது. அதைக்கூடத் தட்டிவிடவில்லை; எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"நீ என்னடா சொன்னே அவர் கிட்ட?"

சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். உச்சரிப்போடு சொன்னேன்.

"ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிச்சுட்டா. அம்மா குளத்தடியில அவாத்து மாமியைப் பிடிச்சு அழுது கேட்டப்பறம்தான் விஷயமே வந்தது. நான் கட்டிண்ட பொண்டாட்டிக்குச் சோறு போட மாட்டேனாம். கை நீட்டுவேனாம். இங்க ஏதோ ஒரு ரகசியக் குடித்தனம் இருக்காம். போலீசுக்குப் பயந்து சாயங்காலம் வெளிய வரதில்லையாம். போறாததுக்கு ஃபாக்டரில கையாடலாம்!"

"நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லலடா!"

"நீ என்னைத் தாறுமாறா திட்டியிருந்தாலும் தேவலைடா" என்றான் ராமு. அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். லலிதா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கையை, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத இங்கிலீஷில் முடித்துவிட்டிருந்தேன்.

மறுநாளே துரையிடம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். 'பெர்சனல்' என்றேன். (அதற்கு மேல் எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் நம்புகிற நிலையில் நான் இல்லை.) பஸ் மாறி மாறிப் பாலக்காடு போய், கல்பாத்தியில் விசுவநாதன் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். உள்ளே கூடத்துக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"சார், நான் சொன்னது வேறீங்க. நீங்க எடுத்துக்கிட்டது வேறீங்க" என்றேன்.

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் சர்வீஸ் பூரா கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் எழுதினவனாக்கும்" என்றார். "கீழே வேலை பாக்கறவன் ஒருத்தனைத் தொலைக்கணும்னா நாங்க திட்டி எழுதுவோம்னு நினைச்சேளா? மாட்டோம். திட்டினா அவன் அப்பீல் போவான். திட்டினா அப்பீல் உண்டு. மெள்ளமா எழுதணும். 'எகனாமிகல்'னா ஈவு இரக்கம் இல்லாதவன். 'ஃபர்ம்'னா முரடன். 'ரிசர்வ்ட்'னா எதையோ மறைக்கறான். 'ஃபேர்லி ஹானஸ்ட்'னு நான் எழுதின ஒருத்தனுக்கும் அதுக்கப்பறம் பிரமோஷன் கிடைச்சதில்லை. நீங்க என்னத்துக்கு அப்படி பாத்துப் பாத்துச் சொன்னேள்? சாதாரண குறைன்னா சாதாரணமாச் சொல்ல மாட்டேளா?"

எனக்கு அந்த இடத்தில் என்ன வந்ததோ தெரியவில்லை. துரை, சிவப்புப் பென்சில், பி.ஏ. எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டன. எங்கள் கடலைக்காட்டுப் பேச்சு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"கஞ்சனுங்க அவன்!" என்று கத்தினேன். "சுத்தக் கஞ்சப் பயலுங்க! நீங்க குடிச்சீங்களே அந்தக் கழனித்தண்ணி, அது மூணாவது கொதியிங்க. ஆனா எனக்குக் காச்சல் வந்தப்ப அந்தக் கஞ்சப் பயதான் பீர்மேட்டிலிருந்து வாடகைக் காரு புடிச்சு டாக்டரைக் கூட்டியாந்தானுங்க. இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி வாயத் தொறக்கலீங்க. பிடிவாதம் புடிச்ச கழுதையிங்க! பஸ்ஸு போயிருச்சுன்னு ஒத்துக்கறதுக்குப் பதிலா மழையில நடந்தே வந்தானுங்க. கை நீட்டறதா? அவன் பொம்பளையாளுங்க மொகத்தைப் பாத்தே பேச மாட்டானுங்க, மெசினுக்குப் பொறவுல போயி ஒளிஞ்சுக்குவானுங்க! உங்க பொண்ணு டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போனப்ப ஒரு வார்த்தை பேசத் துப்பில்லீங்க அவனுக்கு! அப்பறம் அட்டைங்க. பயந்தாங்கொள்ளிங்க சார், அட்டையக் கண்டா நாற்காலி மேல ஏறிக்குவானுங்க. அதனாலதான் இருட்டினா வெளிய வாரதில்லீங்க. போலீசுக்குப் பயந்து இல்லீங்க!"

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். விசுவநாதன் சார் தன் வலது கால் கெண்டையை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

"அட்டையா?" என்றார். "காஷியஸ்னு சொன்னது அட்டைக்கா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு எனக்கும் ஒண்ணு ஏறித்து" என்றார் குரலைத் தாழ்த்தி. "வேஷ்டிக்குள்ள. கோட்டயம் பஸ் ஸ்டாண்ட்லதான் பாத்தேன். நல்ல பருமனா இருந்தது. பக்கத்தில இருந்தவன் மடியில விழுந்துட்டேன் நான்."

கதவுக்குப் பின்னால் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி சிரித்தார்கள். பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. நான் லலிதாவை முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

"அவர் சினிமாவுக்குக் கூட்டிண்டு போவாரான்னு கேளுங்கோப்பா" என்றாள்.

அப்பா கேட்கவில்லை. நானே பதில் சொன்னேன். இனிமேல் எதையும் அலங்கரிப்பதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானம் செய்திருந்தேன். "போவானுங்க. ஆனா தரை டிக்கெட்டுதானுங்க."

"பின்னே என்ன? தரையில உக்காந்தா படம் தெரியாதா?" என்றாள் லலிதா. அப்படியே அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். எந்த விரலையும் மடக்காமல், "இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா?" என்றார்.

தை மாதத்தில் கல்யாணம். தாலி கட்டும்போதுகூட ராமு லலிதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் விசுவநாதன் சார் என்னைச் சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போய், "இவராக்கும் அந்த ஃபேர்லி ஹானஸ்ட்" என்று அறிமுகம் செய்துவைத்தார். அவர் இருந்தவரைக்கும் எனக்கு அதுதான் பெயர். ராமுவின் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் ஃபேர்லி ஹானஸ்ட் மாமா.

என் வீட்டில் கதை வேறு. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் ராமுவிடம்தான் விசாரித்தார்கள். அவன் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டான். அலட்டல், வாய்ச்சவடால், சோற்றுமூட்டை என்று ஒன்று விடாமல் பச்சைத் தமிழில் சொல்லியிருக்கிறான். ஒரே வாரத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. என் மனைவி அதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். குழம்பு எப்படி என்று கேட்டு, நான் யோசித்து, "லைட்டா நல்லாருக்குது" என்று சொன்னால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். "ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாமுங்க. உப்பில்லைன்னு திட்டுங்க. நானும் திரும்பத் திட்டோணுமல்லங்க?" என்பாள்.

போன வருஷம் ராமுவின் பேத்திக்கு ஒரு வரன் வந்தது. பையன் எர்ணாகுளத்தில் வேலை. விசாரித்த இடத்திலெல்லாம் 'நைஸ் பாய்', 'டீசன்ட்', 'வெரி அட்ஜஸ்டிங்' என்றார்களாம். ராமுவுக்கு ராத்திரி தூக்கமே போய்விட்டது. எனக்குப் போன் பண்ணினான். "எனக்கு ஒரே பயமா இருக்குடா. நீ போய்ப் பாத்துண்டு வா" என்றான்.

போனேன். பையனைப் பார்க்கவில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற சிநேகிதனைத் தேடிப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். "தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவனைப் பத்தித் திட்டுறதுக்கு ஏதாச்சும் இருந்தா தமிழிலயோ மலையாளத்திலயோ திட்டு" என்றேன். அந்தப் பையன் முதலில் முழித்தான். அப்புறம் ஆரம்பித்தான் பாருங்கள். துண்டை ஈரத்தோடு கட்டிலில் போடுகிறவன், இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்கத் தெரியாத ஏமாளி, பாத்ரூமில் பாடி உயிரை வாங்குகிறவன்! டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல், முகம் சிவக்கச் சிவக்க, சிரித்துக்கொண்டே திட்டினான்.

வெளியே வந்து ராமுவுக்குப் போன் போட்டேன். "கண்ணை மூடிட்டுக் குடுடா. பையனை அப்பிடித் திட்றான்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பஸ்லதானே போனே? கார் ஒண்ணும் வைக்கலையே?" என்றான்.

கஞ்சப் பயல்.